திறக்காதே! தீண்டாதே!

தியாகராயர், டாக்டர் நடேசனார், டாக்டர் டி.எம். நாயர், பனகல் அரசர், முகமது உஸ்மான். இந்த ஐவரையும் ஒரே மாலைப் பொழுதில் கால்நடையாகவே சென்று கண்டுவர வேண்டுமா, தோழர்களே? மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்குங்கள். ஒருவர் நகரமாகவே நிற்கிறார். இருவர் பூங்காக்களாக நிழல் தருகிறார்கள். இருவர் சாலைகளாக நீண்டு கிடக்கிறார்கள். மாம்பலத்து ஏரியைத் தூர்த்து, 1923ஆம் ஆண்டு தொடங்கி, நீதிக்கட்சி ஆட்சி எழுப்பிய நகரமல்லவா தியாகராய நகர்! இதன் வீதிகளில் நடப்பது நம் இயக்கத்தின் பாட்டனார் வீட்டுக் கூடத்தில் நடப்பதற்கு ஒப்பாகும்.

ஆனால், உஸ்மான் சாலையில் இன்று நடப்பவர் அண்ணாந்து பார்ப்பது உஸ்மானின் பெயர்ப்பலகையை அன்று. கண்ணாடிக்குள்ளே கண்ணைப் பறிக்கும் மிக்சி! அதற்கு மேல்மாடியில் மின்விசிறி! அதற்கும் மேலே துணி துவைக்கும் எந்திரம்! தள்ளுபடி உண்டு, தவணை உண்டு, பழையதைக் கொடுத்துப் புதியதைப் பெறும் திட்டமும் உண்டு. ரங்கநாதன் தெருவின் நெரிசலில் நீந்தி, பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, பெருமிதத்தோடு வெளிவருகிறான் ஏழைக் குடும்பத்தான்.

வாங்கட்டும். வாங்கத்தான் வேண்டும். அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் அரைத்து அரைத்துத் தோள் தேய்ந்தவள் தமிழ்நாட்டுத் தாய். 1955ஆம் ஆண்டு கோவையிலே சபாபதி என்பார் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டினாரே, அது வெறும் தொழிற்கூடச் செய்தியா? அடுக்களை விடுதலையின் ஓர் அத்தியாயம் அது! ‘இனிவரும் உலகம்’ பற்றிப் பேசிய பெரியார், மனிதனின் பாடு குறைய எந்திரம் பெருக வேண்டும் என்றார். ஆகவே, எந்திரத்தைக் கண்டு முகம் சுளிக்கும் கூட்டமல்ல நாம். நம் கேள்வி வேறு. அந்த எந்திரம் ஒரு நாள் நின்றுவிட்டால்?

நின்றால், எங்கே போவது? ஏழு மாடிக் கடைக்கா? அங்கே விற்கத்தான் தெரியும். ஒளிவெள்ளத்திலிருந்து விலகிக் குறுக்குச் சந்துக்குள் நுழையுங்கள். ஒரு மாடிப்படி. அதன் அடியில், ஆள் நிமிர்ந்து நிற்க இயலாத ஓர் இடுக்கு. ஒரு மேசை, ஒரு முக்காலி, ஈயப்பற்று வைக்கும் கோல், டப்பா டப்பாவாகத் திருகாணிகள், சுவரில் தொங்கும் ஒரு குண்டு பல்பு. அங்கே அமர்ந்திருப்பவருக்குப் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. ஆயினும், அவர் செய்யும் வேலையைச் சற்று நேரம் நின்று கவனித்தவர் அறிவர், அது அறிவு வேலை என்று.

ஓடாத மிக்சி ஒன்று வருகிறது. உடனே திருப்புளியை எடுத்துவிடுவார் என்று எண்ணாதீர்கள். முதலில் விசாரணை.

“என்னம்மா அரைச்சீங்க?”

“பொடிக்குப் பருப்பு, அண்ணே.”

“நிறுத்தாமலா?”

அந்தத் தாய் விடை சொல்லி முடிப்பதற்குள் மிக்சியைக் கவிழ்த்து, அடியிலே உள்ள சின்னஞ்சிறு பொத்தானை ஒருமுறை அழுத்துவார். மிக்சி ஓடும்! சுமை மிகுந்தால் மோட்டார் எரிந்துபோகாமல் தானே மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்ளும் காவற்பொத்தான் அது. அதற்குக் கூலி கேட்பவரும் உண்டு, சிரித்தபடி அனுப்பிவைப்பவரும் உண்டு.

பொத்தானுக்கு அடங்கவில்லையா? அடுத்தது மூக்கின் முறை. கருகிய வார்னிஷ் நாற்றம் வீசினால், உள்ளே கம்பிச் சுருள் வெந்துவிட்டது என்று பொருள். நாற்றமில்லை, ஆனால் ஓடும்போது நீலப்பொறி சிதறுகிறது என்றால், கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. பென்சில் துண்டைப் போன்ற இரண்டு கரிக்கட்டிகள். சுழலும் ஆர்மெச்சூருக்கு மின்சாரத்தை ஊட்டித் தம்மையே தேய்த்துக்கொள்ளும் தியாகிகள்! அவற்றை மாற்றினால் மிக்சிக்கு மறுவாழ்வு. மின்விசிறி சோம்பிச் சுற்றுகிறதா, கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறதா? பெரும்பாலும் கண்டன்சர் களைத்துவிட்டது. நூறு ரூபாய்க்குள் அடங்கும் சின்னப் பெட்டி அது. கிரைண்டரில் மோட்டார் உறுமியும் பாத்திரம் அசையவில்லையா? பெல்ட்டைப் பார். குளிர்சாதனப் பெட்டி சில நிமிடத்துக்கொரு முறை ‘டிக்’கென்று ஒலித்து அடங்குகிறதா? கம்ப்ரசர் எழ முயல்கிறது, எழ முடியவில்லை, ரிலேயைச் சோதி. கம்ப்ரசர் போயிற்று என்று கைவிரிக்கும் முன், ரிலேயைச் சோதி!

சுவரில் தொங்குகிறதே குண்டு பல்பு, அது வெளிச்சத்துக்கு என்றா நினைத்தீர்கள்? அதுதான் அவருடைய நாடி பார்க்கும் கருவி. பழுதான பொருளை அந்தப் பல்போடு ஒரே வரிசையில் இணைப்பார். பல்பு முழு ஒளியோடு எரிந்தால் உள்ளே எங்கோ கம்பியும் கம்பியும் ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆகியிருக்கிறது. எரியவே இல்லையென்றால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. மங்கலாக எரிந்தால் உயிர் இருக்கிறது, வேறிடத்தில் தேட வேண்டும். பல ஆயிரம் ரூபாய்க் கருவி தேவையில்லை. ஐயப்படு, சோதி, விலக்கு, முடிவுக்கு வா! பகுத்தறிவு என்று மேடைதோறும் நாம் முழங்குகிறோமே, அதை மாடிப்படிக்கு அடியிலே நாள்தோறும் நடத்திக்காட்டுகிறவர் இவர்.

எம்போன்ற மேடைக்காரர்களுக்கு இவருடைய அருமை இன்னும் சற்றுக் கூடுதலாகவே தெரியும். ஒலிபெருக்கி இல்லாமல் வளர்ந்த கழகமா இது? தலைவர் பேச எழுகிறார், மைக் ஊளையிடுகிறது. ஓடோடி வரும் மைக்செட் தோழர், ஒலிபெருக்கியின் முகத்தைச் சற்றே திருப்பிவைப்பார், ஊளை நிற்கும். இரைச்சல் ஒரே சுருதியில் ‘ம்ம்ம்’ என்றால் ஆம்ப்ளிஃபயரின் கண்டன்சர். ‘கரகர’ என்றால் எங்கோ பற்றாசு விட்டிருக்கிறது. ஓசையை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார். நாடக மேடையில் நாயகன் இறக்கும் காட்சியிலே விளக்கு அணைந்து, அவையோர் அது இயக்குநரின் கற்பனை என்று கைதட்டிய கதைகளும் உண்டு. அதையெல்லாம் சொல்லப் புகுந்தால் கட்டுரை நாடகமாகிவிடும்.

குண்டு பல்பு என்றதும் ஒரு செய்தி. சென்னையில் நீதிக்கட்சி ஆட்சி தியாகராய நகருக்குத் தெருக் கிழித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1924 டிசம்பரில், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரிலே ஒரு கூட்டம் கூடிற்று. ஓஸ்ராம், பிலிப்ஸ் முதலான உலகப் பெரும் பல்பு முதலாளிகளின் கூட்டம். ‘ஃபீபஸ்’ என்று கதிரவக் கடவுளின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார்கள். ஒளி பரப்பவா? அல்ல! அதுவரை 1,500 மணி நேரமும் அதற்கு மேலும் எரிந்துகொண்டிருந்த பல்பை, 1,000 மணி நேரத்தோடு அவியச் செய்ய! கூடுதல் நாள் எரியும் பல்பைச் செய்த தொழிற்சாலைக்கு அபராதம்! நன்றாகச் செய்ததற்குத் தண்டனை! உலகப்போர் வந்து அந்தக் கூட்டணி சிதறிற்று. அந்தப் புத்தி மட்டும் சிதறவில்லை.

இன்று பாருங்கள். திருகாணி இருந்த இடத்தில் பசை. சாதாரணத் திருப்புளிக்கு வழிவிட்ட திருகாணி போய், எவரிடமும் இல்லாத தலைகொண்ட திருகாணி. பத்து உறுப்புகளில் ஒன்று கெட்டால் அந்த ஒன்றை மாற்றிய காலம் போய், பத்தையும் ஒரே பலகையில் பதித்து, “போர்டு போயிற்று” என்று சொல்லும் காலம். 75 வாட் தின்ற விசிறிக்கு மாற்றாக 28 வாட்டிலும் 35 வாட்டிலும் சுற்றும் விசிறி வந்திருக்கிறது. மின்சாரம் மிச்சமாகிறது, வரவேற்போம்! ஆனால், நூறு ரூபாய்க் கண்டன்சர் இருந்த இடத்தில் இப்போது ஒரு போர்டு. அது சந்துக்கடையில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விசிறியின் விலையில் பெரும்பங்கு.

அந்த உரையாடலைக் கேளாதார் யார்?

“அம்மா, போர்டு மாத்தணும். நாலாயிரத்து ஐந்நூறு.”

“போர்டுல என்னங்க கெட்டுப்போச்சு?”

“அதெல்லாம் பார்க்க மாட்டோம்மா. மொத்தமா மாத்துறதுதான்.”

“பக்கத்துத் தெரு அண்ணன்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வரட்டுமா?”

“வெளியாள் கை வெச்சா வாரண்டி கிடையாதும்மா.”

வெளியாள்! கை வைத்தால்! தோழர்களே, இந்த மொழியை இதற்கு முன் எங்கோ கேட்டிருக்கிறோமே! கருவறை வாயிலிலே கேட்ட மொழியல்லவா இது? உள்ளே நுழையத் தகுதி பிறப்பால் வருவது, பயின்றாலும் வராது, நீ தொட்டால் தீட்டு என்றார்கள். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க 1970இல் சட்டம் செய்தோம். பல்லாண்டு வழக்காடினோம். முறையாகப் பயின்ற பல சாதி இளைஞர்கள் 2021 ஆகஸ்டில் பணி ஆணை பெற்றார்கள். அங்கே கருங்கல் சுவர். இங்கே பிளாஸ்டிக் மூடி. அங்கே ஆகமம். இங்கே ‘அங்கீகாரம்’. சாதிக்கொடுமையும் சரக்குக் கொள்ளையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. ஆயின், அறிவை ஒரு வேலிக்குள் அடைத்து, வேலிக்கு வெளியே நிற்பவனைத் தகுதியற்றவன் என்று பழிக்கும் சூழ்ச்சி இரண்டிலும் ஒன்றே. சந்துக்கடைக்காரர் பள்ளியிறுதியோடு நின்றவராக இருக்கலாம், ஐ.டி.ஐ. முடித்தவராக இருக்கலாம். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் பேனா பிடிக்கலாம், மேடையேறலாம் என்றால், அவர் மட்டும் மூடி திறக்கக் கூடாதா? கோவை ஜி.டி. நாயுடு எந்தக் கல்லூரியில் பயின்றார்? வெள்ளை அதிகாரியின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, பிரித்துப் போட்டு, பூட்டிப் பார்த்துக் கற்றவரல்லவா!

இதிலே வாட்டம் யாருக்கு? வசதியுள்ளவன் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதைத் தூக்கிவருவான். தவணை கட்டி முடிக்கும் முன்னே பொருளைப் பறிகொடுக்கும் குடும்பத்தை நினையுங்கள். 2006இல் கலைஞர் அரசு வீடுதோறும் வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கிற்று. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அது சென்றது. 2011இல் வந்த அம்மையார் ஆட்சி மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. அதுவும் கோடிக்கணக்கில். ‘இலவசம்’ என்று ஏகடியம் பேசிய மேதாவிகளுக்கு அன்றே விடை தந்தாயிற்று. இங்கே அந்த வழக்கு வேண்டாம். நான் சொல்ல வருவது வேறு. உலகில் வேறெங்கும் காணாத அளவுக்கு ஏழையின் அடுக்களைக்கு மோட்டார் வந்துசேர்ந்த மாநிலம் இது. அந்த மோட்டார்களை இத்தனை ஆண்டு ஓடவைத்தவர் யார்? தெருமுனை மெக்கானிக்! எந்த அரசாணையும் அவர் பெயரைச் சொல்லவில்லை. எந்தத் திட்டத்திலும் அவருக்கு ஒரு வரி இல்லை. கார்பன் பிரஷ்ஷும் கண்டன்சரும் பெல்ட்டும் கடையில் கிடைத்த வரையில் அவர் காப்பாற்றினார். போர்டு வந்த பிறகு அவர் கையையும் கட்டிவிட்டார்கள்.

“ஆபத்து அல்லவா?” என்பார்கள் முதலாளிமாரின் வழக்குரைஞர்கள். ஆபத்து உண்டுதான், ஒளிப்பானேன்? மைக்ரோவேவ் அடுப்பின் கண்டன்சர், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உயிர் குடிக்கும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். புதிய குளிர்சாதனப் பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்600ஏ வாயு தீப்பற்றக்கூடியது. அரைகுறை வேலை வீட்டையே எரிக்கும். ஆனால், இதிலிருந்து எந்த முடிவுக்கு வருவது? எது ஆபத்து, எங்கே ஆபத்து என்று எழுதிய வரைபடத்தைப் பூட்டி வைப்பதா, பழுதுபார்ப்பவன் கையிலே கொடுப்பதா? இருட்டில் கை வைப்பவனுக்கு விளக்கைக் கொடுக்க மறுத்துவிட்டு, “பார்த்தாயா, அடிபட்டான்” என்று சொல்வது நியாயமாகுமா?

உலகம் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. பிரான்சில் 2021 முதல் துவைக்கும் எந்திரம், தொலைக்காட்சி முதலியவற்றின் மீது, எளிதில் பழுதுபார்க்க இயலுமா என்று பத்துக்கு இத்தனை என மதிப்பெண் ஒட்டவேண்டும் என்றாயிற்று. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம், துவைக்கும் எந்திரத்தின் முக்கிய உதிரிபாகங்கள், அந்த மாதிரி சந்தையை விட்டுப் போன பிறகும் பத்தாண்டு கிடைக்கவேண்டும் என்று விதித்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா 2024 ஜூலை முதல் நடைமுறைப்படுத்திய சட்டத்தைக் கேளுங்கள். நூறு டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்பொருளா? ஏழாண்டுக்கு உதிரிபாகம், கருவி, விளக்கக் குறிப்பு மூன்றையும் வெளியாருக்கும் விற்கவேண்டும். ஐம்பது டாலர் முதல் நூறு டாலருக்குள் என்றால் மூன்றாண்டு. கவனியுங்கள், அந்தச் சட்டத்தைச் செய்தது வாஷிங்டன் அல்ல. ஒரு மாநிலம்!

நம் நாட்டில்? டெல்லி 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளன்று, பழுதுபார்க்கும் உரிமைக்கு ஓர் இணையதளம் திறந்தது. அதில் நிறுவனங்கள் தாமே முன்வந்து சேவை மைய முகவரியும் கையேடும் பதிவிடலாம். இணையதளம், தோழர்களே! சட்டம் அல்ல, இணையதளம்! மாடிப்படிக்கு அடியில் இருப்பவருக்கு முகவரியா வேண்டும்? போர்டில் உள்ள ரிலேயைத் தனியாக வாங்க வழி வேண்டும். வழியே இல்லை என்பதும் பொய். உதிரிபாகங்களைத் திறந்த சந்தையில் விற்க மறுத்ததற்காக, 2014 ஆகஸ்டில், இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீது 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்ததே! பின்னர் மேல்முறையீட்டில் சிலருக்குத் தொகை குறைந்தது. ஆனால், உதிரிபாகத்தைப் பதுக்குவது தவறு என்ற நெறி அங்கே பேசப்பட்டுவிட்டது. காருக்குப் பேசிய நெறி கிரைண்டருக்குப் பேசாதா?

மாநிலம் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். மாநிலத்துக்குள் நடக்கும் வணிகமும் பண்டங்களின் வழங்கலும் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 26ஆம், 27ஆம் இனங்கள். அதற்கு வரம்புகள் உண்டு, வழக்கு வரும், மசோதா ஆளுநர் மாளிகையில் உறங்கப் போனாலும் வியப்பதற்கில்லை. வரட்டும், வாதாடுவோம். ஆனால், எந்த மசோதாவும் இல்லாமல் நாளைக் காலையே செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. இந்த நாட்டில் மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் கிரைண்டரும் மொத்தமாக வாங்கும் பெரிய வாடிக்கையாளர் யார்? அரசு! மருத்துவமனைக்கு, விடுதிக்கு, சத்துணவுக் கூடத்துக்கு, பள்ளிக்கு. ஒப்பந்தப்புள்ளி கோரும்போது நான்கே வரிகளைச் சேர்த்தால் போதும். பத்தாண்டுக்கு உதிரிபாகம் திறந்த சந்தையில் கிடைக்கவேண்டும். மின்சுற்று வரைபடம் தமிழிலும் தரவேண்டும். பசை கூடாது, திருகாணி வேண்டும். போர்டில் உள்ள உறுப்பைத் தனியே மாற்ற இயலவேண்டும். இதற்கு ஒப்பாத நிறுவனத்துக்கு ஆர்டர் இல்லை. அரசுக்கு ஒரு மாதிரி, மக்களுக்கு வேறொரு மாதிரி என்று இரண்டு வார்ப்பு வைத்துச் செய்ய எந்த முதலாளிக்கும் கட்டுப்படியாகாது. அரசு மருத்துவமனைக்குத் திறக்கும் மூடி, அடுக்களைக்கும் திறக்கும்.

நம் சட்டமன்ற உறுப்பினர்கள் இதைக் கேள்வி நேரத்தில் எழுப்பவேண்டும். ஐ.டி.ஐ.களில் போர்டு பழுதுபார்க்கும் பயிற்சி எத்தனை மணி நேரம் என்று கேட்கவேண்டும். சந்துக்கடைக்காரர் மாலை நேரத்தில் வந்து பயிலவும், சான்று பெறவும் வழி செய்யவேண்டும்.

ஆட்சி செய்யும் வரை காத்திருக்காமல் கிளைக்கழகம் செய்யக்கூடியதும் உண்டு. 2009இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் மார்டினா போஸ்ட்மா என்ற பெண்மணி, பழுதான பொருளோடு மக்களும், பழுதுநீக்கத் தெரிந்தவர்களும் கூடும் ஒரு மேசை போட்டார். இன்று அது பல நாடுகளில் பரவியிருக்கிறது. நமக்கு மேசை புதிதா? மூலைக்கு மூலை படிப்பகம் கண்ட இயக்கமல்லவா நாம்! ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் படிப்பகத்து மேசையில் பாதியை ஒதுக்குங்கள். ஒரு மல்டிமீட்டர், ஒரு பற்றவைப்புக் கோல், தாங்கியோடு ஒரு குண்டு பல்பு, இரண்டு அளவில் திருப்புளி. அந்த வட்டத்து மெக்கானிக் தோழரை அழைத்து மாலையிட்டு அமர்த்துங்கள். அவர் தொழில் கெடாதபடி, அவர் சொல்லும் கூலியைக் கொடுங்கள். இளைஞர்களை அவர் பக்கத்தில் உட்கார்த்துங்கள். பெண்களையும் உட்கார்த்துங்கள். மிக்சியை நாள்தோறும் ஓட்டுபவருக்கு அதன் வயிற்றைப் பார்க்க முதல் உரிமை. எந்த நிறுவனத்தின் எந்தப் பொருள் என்ன பழுதோடு வந்தது, எந்த உதிரிபாகம் கிடைக்கவில்லை என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். சட்டமன்றத்திலே எழுந்து பேசுகிறவருக்கு அந்த நோட்டுதான் ஆயுதம்.

தியாகராய நகரிலேயே தொடங்கலாம். விற்பனை மாளிகைகளுக்கு நடுவே, நடேசனார் பூங்காவுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு மேசை. தொடங்கும் முன் ஒரு சிறு எச்சரிக்கை. படிப்பகத்து பிளக் பாயிண்ட்டுக்கு எர்த் இணைப்பு இருக்கிறதா, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் இரண்டும் இருப்பதில்லை.